பதினெட்டாம் நாளை அறியாத பெட்டி

தான் இல்லாத ஓரிடத்தில் ஒருவர் ஒரு வேலையை முழுதாகச் செய்துவிட முடியுமா? வீட்டில் எல்லோரும் பராக்கு என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணைக் கொஞ்ச நாள் கவனித்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பள்ளியில் பெயரைச் சொல்லி அழைத்தால் மூன்றாவது தடவைதான் திரும்புவாள். தட்டில் கையை வைத்தபடியே ஜன்னலுக்கு வெளியே போய்விடுவாள். அப்படி வந்த பெயர் நாற்பது வயதிலும் போகவில்லை.

தொழிலும் அதற்குத் தோதாகவே அமைந்தது. உள்ளங்கை அளவுள்ள ஒற்றைப் பலகையில் முழுக் கணினியும் அடங்கிவிடும் போர்டுகள் உண்டு. அவற்றுக்கு மென்பொருள் எழுதுவது அவள் வேலை. அவை எங்கோ ஒரு குளிர்பதன அறையிலோ, லிஃப்டின் உச்சியிலோ, கார் நிறுத்துமிடத்துக் கதவிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலானவற்றை அவள் தொட்டதே இல்லை. அவளுடைய மடிக்கணினிக்குள் உடம்பில்லாத இன்னொரு கணினி இருந்தது. வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். போர்டு எப்படி நடந்துகொள்ளுமோ அதைப் போலவே நடந்துகொள்ளும்படி மென்பொருளாலேயே கட்டியது. எழுதியதை அதில் ஓட்டிப் பார்ப்பாள். கெட்டுப்போனால் கலைத்துவிட்டு, நேற்றுக் காலை இருந்த நிலைக்கே அதைக் கொண்டுபோய் நிறுத்துவாள். நேற்றைத் திரும்ப வரவழைப்பது அவளுக்கு இரண்டு விசைகளைத் தட்டுகிற வேலை. இந்த வசதிக்குப் பழகியவர்களின் கண்ணில் மெல்ல ஒரு மிதப்பு வந்துவிடும். அவளுக்கு அது பிறவியிலேயே இருந்தது.

அவளுடைய அக்கா நேர்மாறு. பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் குஞ்சு பொரிக்கும் அலமாரி ஒன்று வைத்திருந்தாள். உள்ளே உருளைக் கம்பிகள். அவற்றின் மேல் இருநூற்று நாற்பது முட்டைகள். குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க முட்டைகளைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நாளைக்கு ஐந்து தடவை கைப்பிடியைச் சுற்றுவாள். பதினெட்டாம் நாள் நிறுத்திவிட வேண்டும். அன்றைக்கு மேல் குஞ்சு தலையை முட்டையின் அகன்ற முனைக்குத் திருப்பி, அங்கிருக்கும் காற்றைத் தேடும். அப்போது உருட்டினால் அதற்குத் திசை தெரியாமல் போய்விடும். இருபத்தொன்றாம் நாள் ஓடு உடையும். மறுவாரமே அடுத்த அடை. பதினொரு வருடமாக அக்கா யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் தலையைக் காட்டிவிட்டு அடுத்த திருப்பலுக்குள் வந்துவிடுவாள்.

அக்காவின் மகள் தூரத்து ஊரில் வேலையில் சேர்ந்து, வீடும் எடுத்திருந்தாள். ஒருநாள் பராக்கு பக்கத்தில் இருக்கும்போது மகளின் போன் வந்தது.

"ஏம்மா, என் வீட்டை நீ பாக்கவே மாட்டியா?"

"முட்டை வச்சிருக்கேனேடி."

"பேசாம நானும் முட்டையாவே இருந்திருக்கலாம் போல."

அக்கா சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். சிரிப்பு வாயை விட்டுப் போன பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் பார்க்காமல் பராக்கு அன்றைக்கு இதைப் பார்த்தாள்.

"நான் ஒரு பெட்டி பண்ணித் தர்றேன்க்கா. அதுவே திருப்பும், அதுவே நிறுத்தும். நீ ஒரு வாரம் போய் இருந்துட்டு வா."

"நீயா? பாலை அடுப்புல வச்சுட்டு மறக்குற ஆளு."

"அதனாலதான் பெட்டி. அது பராக்குப் பாக்காது."

வாசற்படியில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்த அத்தான் நிமிர்ந்தார். "அதுவே எல்லாம் பண்ணிடும்னா எனக்கு என்ன வேலை?"

"இப்ப என்ன வேலை பாத்துக் கிழிக்கிறீங்க?" என்றாள் அக்கா.

பராக்கு தன் அறையில் உட்கார்ந்து, உடம்பில்லாத கணினிக்குள் அந்தக் கொட்டகையைக் கட்டினாள். மோட்டார் ஓடினால் ஒரு வரி தோன்றும். நின்றால் இன்னொரு வரி. பதினெட்டு நாள் யார் காத்திருப்பது? அடைவைத்த தேதியைப் பதினெட்டு நாள் பின்னுக்கு நகர்த்திவிடுவாள். உடனே உருளை நிற்கும். ஓடுகிற கணினியைச் சட்டென்று அணைத்து மின்வெட்டு உண்டாக்குவாள். மறுபடி எழுந்ததும் அது விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ஒரே மதியத்தில் நாற்பது அடை முடித்தாள். நாற்பதிலும் குஞ்சுகள் பிசகாமல் பொரிந்தன, அவற்றுக்குக் குரலோ சூடோ இல்லை என்பதைத் தவிர. வெளியே வெயில் சுவரில் இறங்கி வந்தது. உள்ளே வாரங்கள் இலைபோல் உதிர்ந்துகொண்டிருந்தன.

மின்சாரம் திடீரென்று போனால் போர்டின் மெமரி கார்டு கெட்டுவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பயம். எனவே மென்பொருளைக் கார்டில் பதித்த அன்றே, அதற்கு மேல் எதுவும் எழுத முடியாதபடி பூட்டினாள். அடைவைக்கும் தேதியைக் குறிக்க மட்டும் ஒரு மூலையைத் திறந்து விட்டாள். கவனமுள்ளவர்கள் செய்கிற காரியம்தான்.

கொட்டகையில் இணையம் கிடையாது. போர்டைப் பொருத்திய நாளில் அதன் கடிகாரத்தை அவளே சரிசெய்துவிட்டு வந்தாள். முதல் அடை அக்கா பக்கத்தில் நிற்க நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் அடையின் பதினாறாம் நாள் அக்கா மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"பெட்டியில பச்சை விளக்கு எரியுதான்னு மட்டும் பாத்தாப் போதும்" என்று அத்தானிடம் நான்கு தடவை சொன்னாள்.

"எரியுதான்னு பாக்குறேன். எரியலன்னா?"

"எனக்குப் போன் பண்ணுங்க."

"எரிஞ்சா?"

"எரிஞ்சா சும்மா இருங்க. அது உங்களுக்கு வரும்."

பதினேழாம் நாள் மதியம் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. சூடு இறங்காமலிருக்க அத்தான் அலமாரிமேல் இரண்டு கம்பளிகளைப் போர்த்தினார். அவரிடம் யாரும் எதிர்பார்க்காத புத்தி அது. மின்சாரம் வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அவர் சும்மா இருந்தார்.

இருபத்திரண்டாம் நாள் அக்கா திரும்பினாள். அந்த நாளில் வாசலிலேயே குஞ்சுகளின் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கொட்டகைக்குள் உருளைகள் மணிக்கொரு தடவை அமைதியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பத்தொன்பது குஞ்சுகள் மட்டும் எப்படியோ வெளியே வந்திருந்தன. அக்கா ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தாள். இறகு, நகம், அலகு எல்லாம் இருந்தன. தலை குறுகிய முனையில் இருந்தது.

"உருளை ஓடிட்டே இருந்திருக்குடி" என்றாள் போனில்.

"நிக்கவே இல்லையாக்கா?"

"இல்ல. உன்மேல குத்தமில்ல. நான்தான் போயிருக்கக் கூடாது."

திட்டியிருந்தால் பராக்கு தாங்கியிருப்பாள். அக்கா மறுநாளே மகளைக் கூப்பிட்டு, இனிமேல் வர முடியாது, நீயே வந்து போ என்று சொல்லிவிட்டாள் எனத் தெரிந்தபோது, முட்டைகளைவிடப் பெரிதாக ஒன்று உடைந்திருப்பது புரிந்தது.

மூன்று நாள் மடிக்கணினியை விட்டு எழவில்லை. உள்ளே எத்தனை தடவை அணைத்து எழுப்பினாலும் பதினெட்டாம் நாள் உருளை பணிவாக நின்றது. நான்காம் நாள் பஸ் ஏறினாள்.

கொட்டகையில் வெதுவெதுப்பும், தூசும், இறகும் கலந்த ஒரு மணம். உடம்பில்லாத கொட்டகையில் அது இருந்ததில்லை. போர்டில் ஒரு சின்னத் திரையை இணைத்து, அக்கா அணைத்து வைத்திருந்த பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தாள். மேல் மூலையில் தேதி தெரிந்தது. நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் தன் மேசையில் அந்தக் கார்டைப் பதித்துப் பூட்டிய நாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது கூட அவளுக்கு நினைவு வந்தது.

உடம்பில்லாத கணினி எழும்போதெல்லாம், இன்று என்ன நாள் என்று மடிக்கணினியைக் கேட்டுக்கொள்ளும். இந்தப் போர்டுக்குக் கேட்க யாரும் இல்லை. மின்சாரமில்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்ட அதில் பேட்டரியும் கிடையாது. பொருத்திய நாளிலிருந்து அந்தப் பதினேழாம் நாள் வரை மின்சாரம் போனதே இல்லை. மூன்று மணி நேரம் இல்லாமல் போய் மறுபடி இருந்தபோது, அதற்குத் தெரிந்த ஒரே நாள் அந்த மழை நாள்தான். அதன் கணக்கில் முட்டைகள் இன்னும் அடைவைக்கப்படவே இல்லை. நிறுத்தும் நாளுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அதனால் திருப்பிக்கொண்டே இருந்தது.

அவள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருந்தாள், காலத்தைத் தவிர. அவள் வேலை செய்த இடத்தில் அது எப்போதும் எங்கிருந்தோ தானாக வந்துகொண்டிருந்தது.

"என்ன ஆச்சாம்?" என்று எட்டிப் பார்த்தார் அத்தான்.

"இதுக்கு இன்னைக்கு என்ன தேதின்னு தெரியல அத்தான்."

"அட, எனக்கே பல நாள் தெரியாது."

"உங்களுக்குச் சொல்ல நான் இருக்கேன்" என்றாள் அக்கா.

பராக்கு பொத்தான் அளவு பேட்டரி வைத்த, விரல்நகம் போன்ற ஒரு கடிகாரத்தை வாங்கி வந்து போர்டில் பொருத்தினாள். அங்கேயே இரண்டு நாள் தங்கினாள். மின்கம்பியைப் பிடுங்கினாள், காத்திருந்தாள், சொருகினாள். பதினான்கு தடவை. பதினான்கிலும் சரியான தேதி வந்தது. பதினெட்டாம் நாளை வரவழைத்தாள், உருளை நின்றது. அக்கா கைகட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த அடைக்குப் போயிட்டு வாக்கா."

"பாக்கலாம்."

அக்காவின் வாயில் அது மாட்டேன் என்பதற்குச் சமம்.

அன்று பிற்பகல் பராக்கு கொட்டகையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மடிக்கணினியை மடியில் வைத்து, பதினெட்டாம் நாள் உருளையை நிறுத்தும் வரியைத் தேடி எடுத்தாள். அதை அழித்தாள். அந்த இடத்தில் வேறொன்றும் எழுதவில்லை. இனி யாராவது வந்து உருளையின் சுவிட்சை அணைக்கிறவரை பெட்டி உருட்டிக்கொண்டே இருக்கும். வராமல் இருக்க அவளுக்கு வழியில்லை.

"பதினெட்டாம் நாள் காலைல நான் வந்து நிறுத்துறேன். நீ கிளம்பு."

"பெட்டி சரியாயிடுச்சுன்னியே?"

"சரியாயிடுச்சு."

"அப்புறம் எதுக்கு நீ?"

"வர்றேன்க்கா."

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். அடுத்த அடையின் பதினாறாம் நாள் மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும்போது அத்தானிடம் ஒரு தடவைதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு பராக்கு எழுதி அனுப்பிய போர்டுகள் எல்லாவற்றிலும் அந்த நகக் கடிகாரம் இருந்தது. எல்லாம் தாமாகவே தொடங்கித் தாமாகவே நின்றன. அக்காவின் பெட்டி மட்டும் நிற்கத் தெரியாமலே இருந்தது. ஒவ்வோர் அடைக்கும், அக்கா ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதினெட்டாம் நாள் அவள் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

"ஏம்மா, உங்க வீட்டுல விரட்டுறாங்களா?" என்பார் அத்தான்.

"ஜன்னல் சீட் கிடைக்குது அத்தான்."

சுவிட்சை அணைப்பாள். கடைசி உருளை நிற்கிறவரை பார்த்துக்கொண்டு நிற்பாள்.