நல்லம்மாள் அளவுக்கு ஒரு சுமைதாங்கி

"உயரம் ஒன்னும் கம்மியில்லலா. அவ தோளுக்கு இதான் அளவு."

தான் நட்ட சுமைதாங்கியைக் காட்டிச் சொன்னார் அய்யாவு. அவரிடம் யாரும் உயரத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. சின்னையா அப்போதுதான் வந்து காப்பித் தூக்கை நீட்டினான். இருவரும் கடல் தாண்டி வந்து பிரிக்பீல்ட்ஸில் தண்டவாள வேலை செய்கிறவர்கள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு அய்யாவுவின் மனைவி நல்லம்மாள் இறந்துபோனாள். அப்படிப் போனவளுக்கு வழியோரம் சுமைதாங்கி நடுவது வழக்கம். போகிறவர் வருகிறவர் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால், அவள் வயிற்றுச் சுமையும் இறங்குமாம். மூன்று வயது மகள் தனலெட்சுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சவே அய்யாவுக்குப் பொழுது சரியாக இருந்தது. சுமைதாங்கி நடாமலே நின்றுபோனது. இப்போது அந்தத் தனலெட்சுமிக்கே நிறைமாதம். தாயின் சுமை இறங்காமல் மகளின் சுமை எப்படி நல்லபடியாக இறங்கும்? மனிதருக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

இந்த ஊரில் கல்லுக்கு எங்கே போவது? மேஸ்திரியைக் கேட்டு, தண்டவாளத்துக்கு அடியில் போட்டுக் கழித்த சிலிப்பர் கட்டை மூன்று வாங்கினார். இரண்டை நட்டார், ஒன்றைக் குறுக்கே ஏற்றினார். மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்தார்.

நல்லம்மாளோ ரொம்பக் குள்ளம். அரிசி மூட்டையோடு வந்த ஆட்கள், "யாருப்பா இது, ஆட்டுக்குட்டிக்குக் கட்டினதா?" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். ஐந்து நாளாக ஒரு சுமைகூட இறங்கவில்லை.

"ஒரு முழம் ஒசத்திடலாம்ணே," என்றான் சின்னையா.

"ஒசத்தினா அவளுக்கு எட்டாதுடா."

"அவங்க எங்கண்ணே வந்து எட்டப் போறாங்க?"

"வந்துட்டா?"

சின்னையா நீட்டிய காப்பியைத் தானே குடித்துவிட்டான்.

அந்த நேரத்தில்தான் வீரம்மா வந்தாள். மாடு வைத்திருப்பவர்களுக்குப் புல் அறுத்துக் கொடுக்கிறவள். தலையில் பெரிய புல்லுக்கட்டு. கட்டுக்குக் கீழே ஆள் இருப்பதே தெரியாது. நேராக வந்தாள், புல்லுக்கட்டைக் குறுக்குக் கட்டையின்மேல் சாய்த்தாள், "அப்பாடா!" என்றாள்.

"எல்லா ஊர்லயும் நெட்டையனுங்க அளவுக்குத்தான் வெக்கிறானுங்க. எறக்கவும் ஒருத்தன கூப்பிடணும், தூக்கவும் ஒருத்தன கூப்பிடணும். எந்தப் புண்ணியவான் வெச்சது இது?"

சின்னையா அய்யாவு பக்கம் கை காட்டினான்.

மறுநாள் வீரம்மா நாலு விறகுக்காரிகளைக் கூட்டி வந்தாள். அதற்கு அடுத்த நாள் தயிர்க்காரியும் சேர்ந்தாள். வெற்றிலை போடுவதும், மாமியாரைத் திட்டுவதும், சிரிப்புமாக அந்த இடமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அய்யாவு வேலை முடிந்ததும் வந்து, இறங்குகிற ஒவ்வொரு சுமையையும் வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சுமைதாங்கி நட்ட ஒன்பதாம் நாள் விடியற்காலையில் தனலெட்சுமிக்குப் பெண் பிறந்தது. தாயும் நலம், பிள்ளையும் நலம். முடி கருகருவென்று, அழுகை ரயில் விசில் மாதிரி!

அன்று காலை அய்யாவு சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுமைதாங்கிக்கு ஓடினார். தூரத்தில் வந்துகொண்டிருந்த வீரம்மாவைப் பார்த்துக் கத்தினார்:

"தங்கச்சி, எறக்காத, எறக்காத! அந்தப் புல்லுக்கட்ட என் தலைல வெய்யி. எனக்குப் பேத்தி பொறந்திருக்கா, இன்னைக்கு நான்தான் எறக்குவேன்!"