கைப்பிடி அரிசி பொங்கிய ஞாயிறு

காலை ஆறரைக்குத் திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினேன். ஞாயிற்றுக்கிழமை, காலியாக இருக்கும் என்று நினைத்தால் நிற்கவே இடமில்லை. மீஞ்சூரில்தான் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாளிடம், "லீவு நாள்லயும் இவ்ளோ கூட்டமா?" என்றேன்.

"லீவெல்லாம் காலண்டருக்குத்தாம்மா, கம்பெனிக்கு இல்ல" என்றார். இப்படி ஒன்று காதில் விழுந்தால் போதும், எனக்கு அன்றைய நாள் நிறைந்துவிடும்.

ஒன்பது மணிக்குக் கும்மிடிப்பூண்டி. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற சர்ச் என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "ஷிப்டு பாத்து ஆமென் சொல்ற சர்ச்சா? ஏறுக்கா."

அவர் சொன்னது சரிதான். ஆராதனை பத்து மணிக்கு. இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதால் பன்னிரண்டரைக்கு எப்படியும் முடித்துவிடுவார்கள். பாதிப் பேர் யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்கள்.

என்னை வரச் சொன்னவள் மல்லிகா. பள்ளிப்பட்டுப் பெண். திருவள்ளூரில் எனக்கு அடுத்த வீட்டில் குடியிருந்து, கெமிக்கல் கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்து இங்கே வந்தவள். சாமி கும்பிடும் குடும்பத்திலிருந்து தனியாக வந்து, போன ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்தாள்.

இந்தச் சபையில் ஒரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். வாராவாரம் அது முடிச்சாக ஆலயத்துக்கு வரும். மாதக் கடைசி ஞாயிறு எல்லாவற்றையும் பொங்கி, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்று பொங்குகிற பொறுப்பை மல்லிகா தானே கேட்டு வாங்கியிருந்தாள்.

"சோறு நல்லா வந்தா நான் இந்தச் சபைக்காரி. இல்லேன்னா நேத்து வந்தவதான்க்கா" என்றாள், அண்டாவைத் தேய்த்துக்கொண்டே. எனக்கு வெங்காயம் உரிக்கும் வேலை.

சாம்பார் முதலில் ஆயிற்று. உலை கொதித்ததும் கழுவிய அரிசி மொத்தத்தையும் கொட்டினாள். உள்ளே பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. சமையலை வழக்கமாகப் பார்க்கும் ஸ்டெல்லாக்கா எட்டிப் பார்த்து, கரண்டியால் சோற்றை அள்ளினார். பாதி களியாகியிருந்தது, பாதி நறுக்கு நறுக்கென்று நின்றது.

"இன்னாடி இது? பச்சரிசி, புழுங்கலு, ரேஷன் அரிசி எல்லாம் ஒண்ணாவா போட்ட? பிரிச்சுத்தான போடணும்?"

"யாரும் சொல்லலயேக்கா."

"இதக் கூடவா சொல்லுவாங்க?"

மல்லிகாவின் முகம் சுண்டிவிட்டது. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைப் புதிதாக வந்தவருக்கு யாருமே சொல்வதில்லை. எந்த ஊரிலும் இதே கதைதான்.

"பேஜாராப் போச்சு. ஓட்டல்ல சொல்லிடலாம், நேரமில்ல" என்று ஸ்டெல்லாக்கா போனை எடுத்தார்.

"வேணாம்க்கா." மல்லிகா எழுந்து நின்றாள். "இது அத்தினி ஊட்டு அரிசி. ஓட்டல்காரனா எடுத்து வெச்சான்? நானே முடிக்கிறேன். போனை உள்ள வைங்க."

சாம்பார் மொத்தத்தையும் சோற்று அண்டாவில் கவிழ்த்தாள். இன்னொரு குண்டான் வெந்நீரை ஊற்றி, தீயைத் தணித்து, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினாள். புகையில் கண்ணில் நீர் வழிந்தது. ஸ்டெல்லாக்கா போனை உள்ளே வைத்தார். பிறகு இஞ்சி நசுக்க உட்கார்ந்தார்.

கடைசிப் பாட்டு முடிந்தபோது வேகாமல் நின்ற அரிசியும் வெந்திருந்தது. இலை போட்டார்கள்.

ஸ்டீல் கம்பெனி யூனிஃபார்மில் இருந்த ஒருவர் முதல் வாயிலேயே சிரித்தார். "யாரு, மல்லிகா சமையலா? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டியா? இன்னும் ரெண்டு கரண்டி வை!"

"ஸ்டெல்லா மொத தபா பொங்கினப்ப சாம்பாரும் இல்ல, வெறுங்களிதான் துன்னோம்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நீ துன்னு முடி, கம்பெனி பஸ் வந்துரும்" என்று ஸ்டெல்லாக்கா அவர் வாயை அடைத்தார். மல்லிகா ஸ்டெல்லாக்காவையே பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சிரிப்பு தெரிந்தது.

ஒன்றரைக்குப் பந்தி காலி. அப்போது, அன்றுதான் முதன்முறையாக ஆலயத்துக்கு வந்த ஒரு பெண், அரிசி வழக்கத்தை யாரோ சொல்லிக் கேட்டு, பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குப் போய் ஒரு முடிச்சு அரிசியோடு திரும்பி வந்து வாசலிலேயே தயங்கினாள். யாரும் கூப்பிடுவதற்கு முன் மல்லிகா எழுந்து போனாள்.

"உள்ள வாம்மா. இன்னா அரிசி, பச்சையா புழுங்கலா? புழுங்கல்னா இந்த டின்னு, பச்சைன்னா அந்த டின்னு. கலந்தா வேகாது. நான் போட்டுப் பாத்துட்டேன்."

இரண்டு டின்களையும் மல்லிகாவே கழுவித் துடைத்துக் கதவோரம் வைத்திருந்தாள்.

சாயங்கால வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருவள்ளூரில் எங்கள் ஆலயம் பெரியது. மூன்றாவது வரிசை ஓரம் என் இடம். வருஷக்கணக்காக அங்கேதான் உட்காருகிறேன். எங்கள் ஆலயச் சமையலறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பொன்னேரி வரைக்கும் யோசித்தேன், தெரியவில்லை. வருகிற ஞாயிறு கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறேன்.