முதல் பக்கத்தை மாற்ற முடியாது

குத்தூசி மடிப்பின் நடுவில் இறங்குகிறது. ஐந்து ஓட்டைகள், ஒரே இடைவெளி. அளவுகோல் கிடையாது, கட்டைவிரல்தான் அளவு. மெழுகு தேய்த்த நூலை இழுத்து, விரலால் சுண்டிப் பார்க்கிறார். தொய்வாகத் தெரிந்தால் அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து. "கிளிப் போட்டாப் போதாதாக்கா?" என்று கேட்டவனுக்கு ஒரு முறைப்புதான் பதில்.

அச்சகத்தில் இருபத்தேழு வருடமாகப் புத்தகம் கட்டுகிறவர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் பைண்டர் அக்கா. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் விரலில் பசை காய்வதற்குள் குடியிருப்போர் சங்கத்து மாடி அறைக்கு வந்துவிடுவார். பதின்மூன்று முதல் பதினேழு வயதுவரை பத்தொன்பது பேர் அங்கே காத்திருப்பார்கள். வாசலில் அவர்களே எழுதி மாட்டிய பலகை: 'இளைஞர் தலமை மன்றம்'. பிழையை அக்கா திருத்தவில்லை. "எழுதினவன் கண்ணுல என்னைக்குப் படுதோ அன்னைக்கு அவனே திருத்துவான்." மூன்று வருடமாகப் படவில்லை.

கூட்டம் நடக்கும்போது எல்லோருக்கும் பின்னால், சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கைவேலையைப் பார்ப்பார். முன்னால் உட்கார்ந்தால் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துப் பேச்சை மாற்றுகிறார்களாம். யாராவது கழுத்தைத் திருப்பி "சரிதானேக்கா?" என்றால் தொலைந்தார்கள். "விடை என் மூஞ்சியிலயா எழுதி ஒட்டியிருக்கு? அந்தப் பக்கம் திரும்பிப் பேசு!" கடைசியாக வருகிறவர்தான் அன்றைக்குக் கூட்டத் தலைவர். அந்தப் பயத்தில் பத்தொன்பது பேரும் முந்திக்கொண்டு வந்து மாடிப்படியில் இடித்துக்கொள்கிறார்கள்.

கோபக்காரர்தான். அதற்காக அவர் வெட்கப்பட்டதும் இல்லை. ஆனால் ஒரே ஒரு சொல்லைக் கேட்டால் மட்டும் குரலே எழும்பாது. அந்தச் சொல் 'தாழ்மையுடன்'.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள சாலை வளைவில் சிக்னல் விளக்கு வேண்டும் என்று பிள்ளைகள் போன வருடம் நகராட்சிக்கு எழுதினார்கள். 'விளக்கு எப்போது வரும் என்று கேட்கிறோம்' என்றுதான் எழுதினார்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைச் சங்கத் தலைவரிடம் ஒப்படைத்தது அக்காதான். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கூடவே பத்தொன்பது பாராட்டுச் சான்றிதழ்கள். மன்றத்தின் செயலாளர் பதினைந்து வயதுப் பெண், எல்லோருக்கும் வாயாடி. அவள்தான் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"'தங்கள் தாழ்மையான வேண்டுகோள்'னு போட்டிருக்குக்கா. நாம எப்பக்கா தாழ்ந்தோம்?"

தலைவர் போகிற வழியில் கிளிப்பைக் கழற்றி முதல் பக்கத்தை மாற்றியிருந்தார். விளக்கு போய், 'எச்சரிக்கைப் பலகை வைக்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன்' என்று ஆகியிருந்தது. பலகையும் வரவில்லை. அடுத்த மாதம் அதே வளைவில் ஒரு வேன் மோதி வாயாடியின் தங்கைக்குக் கால் முறிந்தது.

இந்த வருடம் அவர்கள் ஆறு வாரம் முறை போட்டு வளைவில் நின்றார்கள். வண்டிகளை எண்ணினார்கள். ஒரு குழந்தை சாலையைக் கடக்க எத்தனை நிமிடம் காத்திருக்கிறது என்று குறித்தார்கள். நாற்பத்தெட்டுப் பக்க அறிக்கை. அதைத்தான் அக்கா தைத்துக்கொண்டிருக்கிறார். அட்டையின் உள்பக்கம் ஒட்டுவதற்கு அந்தச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டார். "நல்ல கெட்டித் தாள். இதுக்காவது ஆகட்டும்."

நான்கு மணிக்கு நகராட்சி அதிகாரி அந்த அறைக்கே வருகிறார். மூன்று மணிக்கே தலைவர் வந்துவிட்டார், கையில் ஒற்றைத் தாளோடு.

"என்னம்மா, இன்னும் தச்சு முடியலையா? இந்தா, முதல் பக்கம். அழகா டைப் பண்ணிக் கொண்டாந்திருக்கேன். மாத்திரு."

அக்கா நிமிரவில்லை. வாயாடி வாங்கிப் பார்த்தாள். "மறுபடியும் தாழ்மையுடன்க்கா."

"அது மரியாதை பாப்பா."

"மரியாதையை 'ஐயா'ன்னு ஆரம்பிக்கும்போதே குடுத்தாச்சு," என்றார் அக்கா. குரல் எழும்பவில்லை. "அதுக்கு மேல எதுக்குத் தரையில உருளணும்?"

"ஒரு தாள்தானே. உருவிட்டு இதைச் சொருகுறதுக்கு என்ன?"

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "இது கிளிப் போட்ட கத்தை இல்லைங்க. மடிச்சு நடுவுல தச்சது. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளோட ரெண்டு பாதி. முதலை உருவினா கடைசியும் கூடவே வந்துரும். அந்தக் கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் படிச்சுட்டு உருவுங்க."

கடைசிப் பக்கத்தில் இரண்டு வருடத்தில் அந்த வளைவில் அடிபட்ட பதினோரு பேரின் பட்டியல் இருந்தது. ஏழாவது வரியில் வாயாடியின் தங்கை.

தலைவர் படிக்கவில்லை. "இந்த அறை சங்கத்தோடது. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. சாவி அந்த ஆணியில தொங்குது. கூட்டம் முடிஞ்சதும் எடுத்துக்கோங்க. தெருவுல நிக்கிறது எங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ஆறு வாரம் நின்னு பழகியாச்சு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா அந்தப் பக்கம் பாய்ந்தார். "என்னடா சிரிப்பு? இருக்கிற இடம் போகுது, உனக்குப் பல்லு தெரியுது! ஏய் வாயாடி, மூணாம் பக்கத்துக் கணக்கு வாயில இருக்கா?"

"இருக்குக்கா."

"நடுவுல திக்கினா?"

"நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி."

"என் மூஞ்சியைப் பார்த்தா?"

"செத்தேன்."

அதிகாரி இருபது நிமிடம் தாமதமாக வந்தார். தலைவர் தன் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்த அம்மாதான் சார் எல்லாத்தையும் நடத்துறவங்க. ஏம்மா, அறிக்கையைச் சார்கிட்டக் குடுங்க."

அதிகாரி சிரித்த முகத்தோடு, பிள்ளைகளின் தலைகளுக்கு மேலாக அக்காவை நோக்கிக் கையை நீட்டினார்.

ஒட்டியது படிய ஏற்றி வைத்திருந்த பாரக்கல்லுக்கு அடியிலிருந்து அக்கா அறிக்கையை எடுத்தார். அதன் முதுகில் பசையின் ஈரம் இன்னும் இருந்தது, முந்தானையால் ஒற்றினார். வரிசைகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தார். நீட்டிய கையைத் தாண்டிப் போய், எழுந்து நின்ற வாயாடியின் இரண்டு கைகளிலும் அதை வைத்தார்.