தடைக்காலத்து ராச்சாப்பாடு

ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடை ஆரம்பித்துவிட்டால் காசிமேட்டில் லாஞ்சுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். இரண்டு மாதத்துக்கு ஒன்றும் கடலுக்குப் போகாது. மற்ற நாட்களில் பத்து நாள் கடல், இரண்டு நாள் வீடு என்று இருக்கிற என் வீட்டுக்காரர் அந்த இரண்டு மாதமும் தினமும் வீட்டுக்கு வருவார். மற்றவர்களுக்கு வெயில் காலம் என்றால் மாம்பழம், பள்ளிக்கூட லீவு. எனக்கு, ராத்திரிக்கு என்ன சமைப்பது என்கிற குழப்பம்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் பில் அடிக்கிறவள் நான். ஆறு மணிக்கு வெளியே வந்து, லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் நசுங்கி, கல்மண்டபத்தில் இறங்க ஏழாகிவிடும். வீடு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, மொட்டை மாடிக்கு நேர் கீழே. பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி வரை அனலைத் தலையில் இறக்கிக்கொண்டே இருக்கும். அந்த அடுப்படியில் அரை மணிக்கு மேல் என்னால் நிற்க முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் வந்து நின்று காட்டட்டும்.

அதனால் வெயில் நாளுக்கென்று சில சாப்பாடு வைத்திருந்தேன். சோற்றைக் காலையிலேயே வடித்துவிடுவேன். ராத்திரி அதில் தயிரும் கொஞ்சம் பாலும் ஊற்றிப் பிசைந்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்தால் தயிர் சோறு ஆயிற்று. கிளிமூக்கு மாங்காயைத் துருவி வதக்கிக் கிளறினால் மாங்காய் சோறு. தேங்காய், பொட்டுக்கடலை, காய்ந்த மிளகாயை மிக்ஸியில் ஒரு ஓட்டு ஓட்டினால் துவையல், கூடவே சுட்ட அப்பளம். அதற்கும் தெம்பில்லாத நாளில் சேமியா உப்புமா. நானும் பத்து வயது மகளும் இதில் ஒரு குறையும் கண்டதில்லை.

போன வருஷம்தான் இந்தச் சாப்பாட்டில் வேறொரு விஷயம் வந்து மாட்டிக்கொண்டது. அதற்கு முந்தின மழைக்காலத்தில் இவர் போன லாஞ்சு இரண்டு நாள் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விட்டது. பழவேற்காடு பக்கம் ஒதுங்கி நின்றிருந்தார்கள். அது தெரிவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கடல் போதும், கரைக்கு வந்துவிடு என்று அன்றைக்குப் பிடித்துக்கொண்டவள்தான், விடவே இல்லை. எங்கள் யார்டில் கேட்டில் நின்று வண்டிகளைச் சரிபார்க்கிற வேலை காலியாக இருந்தது. மேனேஜரிடம் சொல்லி வைத்தேன். தடை முடிவதற்குள் பதில் சொல்கிறேன் என்றார் இவர். இந்த இரண்டு மாதத்தில் வீடு அவருக்குப் பிடித்துப்போனால் கரையிலேயே தங்கிவிடுவார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். வீட்டைப் பிடிக்க வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சாப்பாடு.

முதல் நாள் மாங்காய் சோறு. நாலு வாய் சாப்பிட்டுக் கையை உதறினார். வெயிலில் இறங்கவில்லையாம். அடுத்த நாள் தயிர் சோற்றில் மாதுளை முத்தெல்லாம் போட்டேன். அதே நாலு வாய். நம் சாப்பாடு சப்பென்று இருக்கிறதோ என்று கோழியை மிளகு போட்டு வறுத்தேன். ஒரு துண்டு. பர்மா நூடுல்ஸ் கடையில் அத்தோ வாங்கி வந்து தட்டில் கொட்டினேன். மகள் அதை மூக்கைப் பிடிக்கச் சாப்பிட்டாள், இவர் கிளறிப் பார்த்ததோடு சரி. தடைக்காலத்தில் சின்ன ஃபைபர் படகுகளில் வருகிற கொஞ்சம் மீனுக்குக் கூட்டம் அம்மும். அதில் முட்டி மோதிச் சங்கரா வாங்கி வறுத்து வைத்தேன். பாதி மீனைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார். மீன்காரன் மீனை மிச்சம் வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சர்க்கரையோ என்று இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆள் இளைக்கவும் இல்லை. ராத்திரி நாலு வாய் சாப்பிடுகிறவன் இளைக்காமல் இருப்பானா? வேறெங்கோ சாப்பிடுகிறார் என்று தோன்றியது. வேறெங்கோ என்று தோன்றியதும் என்னென்னவோ தோன்றியது. ஆபீஸில் ஒரே பில்லை இரண்டு முறை அடித்தேன். கரைக்கு வா, வா என்று நான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், இவருக்கு ஏற்கெனவே கரையில் இன்னொரு வீடு இருக்கிறதோ என்று பயந்தேன். சிரிப்பாக இருக்கிறது இப்போது. அன்றைக்கு அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லாஞ்சுக்கு பெயிண்ட் அடிக்கிறோம் என்று போயிருந்தார். நான் கேரியரில் புளிசோறும் முட்டையும் கட்டிக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்கே போய்விட்டேன். சாப்பாடு கொடுக்கத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். லாஞ்சின் மேல் பத்து ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய அலுமினியத் தட்டு. அதில் மலையாகச் சோறு, மேலே குழம்பு. எல்லார் கையும் அதற்குள்தான். என் வீட்டுக்காரர் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டே எதற்கோ சிரித்தார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. இன்னொரு வீடு இல்லை என்று நிம்மதி வர வேண்டியது. வயிற்றெரிச்சல்தான் வந்தது. கேரியரோடு திரும்பிவிட்டேன்.

அந்த லாஞ்சில் சமைக்கிறவர் ஐம்பது வயதுக்காரர், சாந்தமான மனுஷன். இரண்டு நாள் கழித்து அவரைக் கல்மண்டபம் மார்க்கெட்டில் மடக்கி, அப்படி என்னதான் சமைத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டார். நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் அலசிக்கொள்ள வேண்டும். பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, மாங்காய்த் துண்டும் கருவாடும் சேர்த்துக் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். ஒரு கொதி, அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. தட்டு ஏன் ஒன்றுதான் என்று கேட்டதற்கு, கடலில் நல்ல தண்ணீரைச் சிக்கனம் பிடித்தாக வேண்டும், ஆளுக்கொரு தட்டு கழுவ முடியுமா, அதே பழக்கம் கரையிலும் வந்துவிட்டது என்றார். நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவருக்குச் சோறு போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் சரி என்றார்.

மறுநாள் அதே நெத்திலி, அதே மாங்காய், அதே பத்து நிமிஷம். மகள் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்கு விளையாடப் போய்விட்டாள். இவர் பசியோடுதான் வந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தட்டு போட்டேன். பக்கத்தில் நின்று பரிமாறினேன். முதல் வாய்க்குக் கண்ணை மூடித் திறந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நாலு வாய். "சூப்பரா கீது" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் வழியை மறித்து நின்றுகொண்டேன்.

"இன்னாய்யா உன் பேஜாரு? அதே கொயம்புதான கீது? அங்க அள்ளி அள்ளித் துன்ற, இங்க மட்டும் உனுக்கு இன்னா?"

நான் பார்த்துவிட்டேன் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"கொயம்புல ஒண்ணும் இல்லமே. நா துன்றத நீ கரண்டியும் கையுமா நின்னுகினு பாக்குற. எப்ப எயுந்திருப்பான், எப்ப தட்டக் கயுவலாம்னு நிக்கிற மாரி கீது. தொண்டைல எறங்க மாட்டுது."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழம்பு தீர்ந்ததும் ஊற்ற வேண்டும், கேட்கும் முன்பே அப்பளம் வைக்க வேண்டும் என்று கால் கடுக்க நின்றவள் நான். என் அம்மாவும் அப்படித்தான் நின்றாள். அதைப் போய் இவர் இப்படிப் புரிந்துவைத்திருக்கிறார். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்ததில் என்ன செய்கிறோம் என்றே யோசிக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்க வைத்திருந்த பெரிய தாம்பாளத்தைக் கழுவி, சோற்றையும் குழம்பையும் அதில் மொத்தமாகக் கவிழ்த்து, தரையில் டங்கென்று வைத்தேன். எதிரே உட்கார்ந்தேன். உட்காரு என்றேன். உட்கார்ந்தார்.

தாம்பாளத்தில் கை வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எது என் பக்கம், எது அவர் பக்கம் என்று தெரியவில்லை. அவர் ஒரு நெத்திலித் துண்டை விரலால் என் பக்கம் தள்ளினார். லாஞ்சில் அப்படித்தான் செய்வார்கள் போல. அதை எடுத்துச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். பாதித் தாம்பாளம் காலியாகிவிட்டது. வேர்வை வழிய வழிய அவர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது கேட்டார். "நா கரைக்கு வந்துட்டா, டெய்லி இப்டி கூட உக்காருவியா?"

மூன்று நொடி வேலை, ஒரு 'ம்'. அது வரவில்லை. அவர் கடலுக்குப் போன பிறகு என் ராத்திரி எப்படி இருக்கும் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் தட்டை எடுத்துக்கொண்டு ஃபேனுக்குக் கீழே காலை நீட்டி உட்காருவேன். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து எதையாவது பார்த்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுவேன். அந்த அரை மணி நேரம் என்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பதினோரு வருஷமாக ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அவ்வளவுதான். அதைக் கொடுக்க வேண்டி வரும் என்று நான் யோசித்ததே இல்லை. அவர் உயிரோடு கரையில் இருக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தினமும் எதிரே உட்கார வேண்டுமா என்பது எனக்குத் தெரியவில்லை.

"தெரிலய்யா," என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. மீதிச் சோற்றைக் குழம்போடு சேர்த்துப் பிசைந்து, சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கும்தான் தெரில. தெனம் வூட்டுல இருந்தா இங்க என் எடம் எதுன்னு."