விளக்கை அணைக்காத அத்தியாயம்

என் கதாநாயகிகள் எல்லோரும் இருட்டில்தான் குடும்பம் நடத்தினார்கள். கல்யாணம் முடியும், கதாநாயகன் அறைக்கதவைத் தாழிடுவான், ஜன்னல் திரை ஆடும், விளக்கு அணையும். அடுத்த வரியில் விடிந்துவிடும். அவள் தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படியில் காபி கலந்துகொண்டிருப்பாள். இதை வைத்தே இணையத்தில் எத்தனையோ காதல் தொடர்களை ஓட்டிவிட்டேன். பல்லாவரத்தில் ஒரு படுக்கையறை உள்ள வீடு எங்களுடையது. அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே நான் வாயால் சொல்வேன், போன் எழுதிக்கொள்ளும்.

வாசகிகளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. என் புனைபெயரைப் பார்த்து அவர்கள் என்னை இந்து வீட்டுப் பெண் என்று நினைத்திருந்தார்கள். கதாநாயகன் குனிந்து மெட்டி போட்டுவிடுகிற காட்சியை எழுதினால் அப்படி உருகுவார்கள். நானோ வாழ்நாளில் மெட்டி போட்டதில்லை. என் கழுத்தில் ஏறியது கருகமணி, அதைக் கட்டியதும் என் மாமியார். வாயால் சொல்லும்போது எனக்கு எங்கள் வீட்டுப் பேச்சுதான் வரும். முடித்த பிறகு போனில் தேடி எல்லாவற்றையும் மாற்றுவேன். கருகமணி தாலியாகும், அத்தா அப்பாவாவார், மச்சான் 'என்னங்க' ஆவார். எங்கள் பக்கம் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். மாற்றாமல் நான் எதையும் பதிவேற்றியதில்லை.

போன மழைக்காலத்தில் தளத்தை நடத்துகிற அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அத்தியாயம் போடுவதை எங்கள் உலகத்தில் யூடி என்போம்.

"சிஸ், உங்க ஜோடிக்குக் கல்யாணமாகி நாலு யூடி ஆச்சு. இந்தத் தடவையும் லைட்டை ஆஃப் பண்ணீங்கன்னா ரீடர்ஸ் ஓடிடுவாங்க. கொஞ்சம் ஹாட்டா எழுதறவங்களைப் படிங்க, ஐடியா வரும்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த முதலிரவு வராவிட்டால் தொடரை மூடிவிட்டு இடத்தை வேறொருத்திக்குக் கொடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். அதையும் அன்பாகத்தான் சொன்னார். கூடவே படிப்பதற்குக் கதைகளாக அனுப்பித் தள்ளினார்.

தொடர் போனால் போகட்டும் என்று சொல்லிக்கொள்ள என்னால் முடிந்தது. என் பயம் வேறு. என் கணவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் தொட்டுக்கொள்ளவில்லை. பிரஷர் பார்க்கிற பட்டையை அவர் கையில் சுற்றும்போது என் விரல் படும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் உப்பைப் பற்றிச் சொன்னார், ஸ்கூட்டர் எப்போது ஓட்டலாம் என்று சொன்னார், வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். ஒரு கேள்வி என் தொண்டை வரை வந்து நின்றது. படிக்கட்டு ஏறலாமா டாக்டர் என்று கேட்டேன். மெதுவாக ஏறலாம் என்றார். எங்கள் வீடு தரைத்தளம்.

வீட்டுக்கு வந்ததும், ஹாலில்தான் காற்று வருகிறது என்று அவர் அங்கேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று எனக்குப் பயம். என்னைப் பயமுறுத்திவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்திருக்கலாம். தோல் பை தைக்கிற பட்டறையை அவர் தம்பி பார்த்துக்கொண்டான். மகள் ஹாஸ்டலில் இருந்தாள். இரண்டு பேரும் பகல் முழுக்க ஒரே வீட்டில், மரியாதையாக இருந்தோம். அந்த முதலிரவை என்னால் எழுத முடியாமல் போனால், எனக்குள் அது செத்துப்போனது என்று அர்த்தம். அந்தச் சாவுச் செய்தி என் கையாலேயே எனக்கு வந்துவிடுமோ என்றுதான் நடுங்கினேன்.

வெள்ளிக்கிழமை அவர் ஆட்டோவில் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரம் பார்த்து நான் சந்தைக்குப் போனேன். அக்கா அனுப்பியது போதாது, வெள்ளைக்காரர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்றும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. ரோஜாச் செடிக்கும் பழைய மிக்ஸிகளுக்கும் நடுவே ஒருவர் பழைய புத்தகங்களைப் பரப்பியிருந்தார்.

"இன்னா வோணும்க்கா? சமையலா, கோலமா?" என்றார்.

என் கை சட்டை போடாத ஆம்பிளை அட்டைப்படம் ஒன்றின் மேல் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "அது வாணாம்க்கா, அது ஒரு மாதிரி கீது" என்றார். தங்கச்சி மகள் இங்கிலீஷ் பழக வேண்டும் என்று உளறினேன். இதைப் படித்தால் இங்கிலீஷ் நன்றாக வரும் என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லி, அதன் மேல் ஒரு ஊறுகாய்ப் புத்தகத்தை வைத்துச் சேர்த்துக் கட்டிக்கொடுத்தார். கிரைம் நாவல் வாங்குகிறவர்கள் யாரும் இப்படிக் கூனிக்குறுகி நிற்பதில்லை. கொலையைப் பற்றிப் படிக்க ஒருவருக்கும் வெட்கமில்லை.

வீட்டில் படிக்க இடமில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் படித்தேன். வழுக்கி விழுந்துவிட்டேனோ என்று அவர் வந்து கதவைத் தட்டினார். ஆகவே தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி மின்சார ரயிலில் ஏறினேன். அவள் வீடு சிங்கப்பெருமாள் கோவிலில். தாம்பரத்தில் பாதிப் பெட்டி காலியாகும், அதற்குப் பிறகு மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்துவிடும். போனில் அக்காவின் கதைகள், கைப்பையில் அட்டைப்பட ஆசாமி. ரயில் ஆடும்போது படித்தால் கண் கெட்டுவிடும் என்று பக்கத்தில் இருந்த அம்மா கண்டித்தார். நல்லவேளை, அவருடைய கவலை கண்ணோடு நின்றது.

படித்தேன், படித்தேன், பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். ஒருவன் அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறான். அடுத்து என்ன என்று மற்ற பெண்கள் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். எனக்கு அவன் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருந்தார்கள். எல்லாமே ஆஸ்பத்திரியில் எங்களிடம் கொடுத்த காகிதத்தில் உடனே வண்டி பிடியுங்கள் என்று போட்டிருந்த அறிகுறிகள். எந்தக் கட்டிலும் பக்கத்து வீட்டுச் சுவரில் இடிக்கவில்லை. ஒருவருக்கும் எட்டு மணி மாத்திரை இல்லை. வண்டலூர் தாண்டி, கூடுவாஞ்சேரி தாண்டி, என் உடம்பில் ஒரு அசைவும் இல்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. அந்த அம்மா கண்ணைக் கெடுத்துக்கொண்டாயே என்பதுபோலப் பார்த்தார்.

ஆனால் நானும் தொழில்காரி. அழுதுகொண்டே இன்னொருத்தி எப்படி எழுதியிருக்கிறாள் என்று கவனிக்க எனக்கு வரும். எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒன்றை மட்டும் விடாமல் செய்திருந்தார்கள். கை இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தோளில் இருக்கிறது, முதுகில் இருக்கிறது, இடுப்புக்கு வந்துவிட்டது. நான் இத்தனை காலம் கண்ணைப் பற்றியும் நிலவைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன். என் ஜோடிகளுக்குக் கையே கிடையாது.

சனிக்கிழமை சமையலறையில் முயன்றேன். ஹாலில் அவர் இருக்கும்போது அந்த மாதிரி வரிகளை எப்படி வாய்விட்டுச் சொல்வது? எங்கள் தலைக்கு மேல்தான் விமானங்கள் மீனம்பாக்கத்துக்கு இறங்கும். அந்தச் சத்தத்தோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கேட்கவில்லை. போனுக்கும் கேட்கவில்லை. ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் நடுவே ரசம் பொங்கி வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ரயில். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினேன். தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து கட்டை விரலால் அடிக்க ஆரம்பித்தேன். என் கதாநாயகன் ஆறடி உயரம், தொழிலதிபர், தினமும் ஜிம். அவனை மல்லாக்கப் படுக்க வைத்தேன். அவள் கையை எங்கே வைப்பது? என் கை போக ஆசைப்பட்ட இடத்தில் வைத்தேன். நெஞ்சின் நடுவே, தையல் போட்ட தடத்தின் மேல். அது சுற்றியிருக்கிற தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தது என்று எழுதினேன். எனக்கு எப்படித் தெரியும்? அவர் சட்டை மாற்றும்போது கதவோரமாக நின்று பார்த்ததுதான். அவள் பயப்படுகிறாள். அடியில் துடிப்பது கைக்குத் தட்டுப்படுகிறது. மச்சான், வலிக்குதா என்று கேட்கிறாள். வலிக்கல, கையை எடுக்காதே என்கிறான். அவன் முகம் வெளிறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அவள் விளக்கை அணைக்கவில்லை.

எழுதும்போது என் உடம்பு விழித்துக்கொண்டது. அட்டைப்பட ஆசாமியால் ஆகாத காரியம் அந்த ஒரு தழும்பால் ஆயிற்று. அது செத்துப்போகவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. செத்திருந்தால் அடக்கம் செய்துவிட்டு மாத்திரை டப்பாவோடு காலத்தை ஓட்டியிருப்பேன். இப்போது உயிரோடு இருக்கிற இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எதிர்ப்பக்கம் வண்டி வந்துவிட்டது. அந்தத் தவிப்பில் அப்படியே பதிவேற்றிவிட்டு ஓடிப்போய் ஏறினேன்.

மாற்ற வேண்டிய சொற்களை மாற்றவில்லை என்பது பல்லாவரத்தில் இறங்கும்போதுதான் உறைத்தது. அதற்குள் கருத்துகள் குவிந்துவிட்டன. ஹீரோவுக்கு எப்போது ஆபரேஷன் ஆனது, சொல்லவே இல்லையே என்று ஒருத்தி கேட்டிருந்தாள். கோடீஸ்வர வீட்டு மருமகள் ஏன் மச்சான் என்று கூப்பிடுகிறாள் என்று பல பேர். ஒருத்தி மட்டும், இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்று எழுதியிருந்தாள். அவளை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அக்காவின் குரல் செய்தி வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வந்துவிட்டது. "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சிஸ். ஆனா இது ஹாட் இல்ல, அழுகை. தழும்பை எடுத்துடுங்க. அந்த மச்சானையும் மாத்திடுங்க. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிட்டா தொடர் நிக்கும்."

தழும்பை அழிப்பது சுலபமாக இருந்தது. சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி அந்த வரிகளைத் துடைத்தேன். அடுத்தது மச்சான். தேடினேன். திரை முழுக்க அந்த ஒரு சொல் மஞ்சளாக எரிந்தது. நானே எழுதியதுதான், ஆனாலும் யாரோ யாரையோ விடாமல் கூப்பிடுவதுபோல இருந்தது. நான் அவரை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். ஆபரேஷனுக்கு அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது கூப்பிட்டேன். அதற்குப் பிறகு எல்லாமே 'இந்தாங்க'தான். இந்தாங்க தண்ணி, இந்தாங்க மாத்திரை, இந்தாங்க கையை நீட்டுங்க.

ஹாலில் அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலிலிருந்து அவர் பின்னந்தலை தெரிந்தது. பெஞ்சில் விழித்துக்கொண்ட என் உடம்பு இன்னும் அடங்கவில்லை. இரண்டு எட்டு வைத்தால் அவர் தோள். அந்த நேரம் பார்த்து ஒரு விமானமும் வரவில்லை.

"மச்சான்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. அந்தக் குரலில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"போட்டுட்டேன்மா" என்றார். "மாத்திரைதானே?"

ஆமாம், மாத்திரைதான் என்றேன். பிறகு உள்ளே வந்து, மச்சான் இருந்த இடத்தில் எல்லாம் 'என்னங்க' போடச் சொல்லி போனைத் தட்டினேன். ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டது.