மஞ்சள் எல் அட்டை போட்ட நீலக் கார்

இன்று காலை எங்கள் அலுவலகத்தில் யாரோ டோஸ்டரில் பாணைக் கருக்கிவிட்டார்கள். புகைமணி அலறி, பரமட்டா ரோட்டோரத்தில் நாங்கள் எல்லோரும் இறங்கி நிற்கவேண்டியதாயிற்று. மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அந்தக் கருகல் மணம் மூக்கைவிட்டுப் போகவில்லை. இந்த நாட்டில் நான் செய்த முதல் ஒழுங்கான வேலைக்கு அந்த மணம்தான்.

அது ரெட்ஃபேர்னில். அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகள், நாட்டுப்புறங்களிலிருந்து வேலை தேடிச் சிட்னிக்கு ரயிலில் வந்து இறங்கி, தலைமுறையாகக் கூடி வாழ்ந்த இடம். அங்கே ஒரு பழைய தையல் தொழிற்சாலைக் கட்டடத்தில் அந்தச் சனங்களே ஒரு நிலையம் நடத்தினார்கள். காலையில் பிள்ளைகளை வீடு வீடாகப் போய் பஸ்ஸில் ஏற்றிவந்து பாணும் முட்டையும் கொடுத்துப் பள்ளிக்கு விடுவது, பின்னேரம் பாடம் சொல்லிக்கொடுப்பது, நீதிமன்றத்துக்குத் துணைக்குப் போவது, சிறுநீரக நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாம் அங்கேதான். பாண் சுடும் மெஷின் ஒன்றுக்கும் கட்டுப்படாது. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கரி. பிள்ளைகள் கரிப் பக்கத்தைக் கீழே வைத்துச் சாப்பிடப் பழகியிருந்தார்கள்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது என் கணவரின் மாமி, எங்கள் ஆட்கள் நிறைய வாழும் ஹோம்புஷிலிருந்து போன் எடுத்தார். "பிள்ளை, அங்க கறுப்பர் எல்லே இருக்கினம்?" என்றார். மாமியின் நிறத்தைப் பற்றி நான் இங்கே எழுதினால் குடும்பம் பிரியும். என்னுடையதும் அதே நிறம்தான். ஆனால் முதல் நாள் ரெட்ஃபேர்ன் ஸ்டேஷனில் இறங்கியபோது கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடந்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

நிலையத்தை நடத்தியவர் அன்ரி மே. எங்கள் ஆட்களைப் போலவே அங்கும் பெரியவர்கள் எல்லோரும் அன்ரி, அங்கிள்தான். அதனால் எனக்கு அந்தச் சொல் வாயில் உடனே ஒட்டிக்கொண்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்ட முதற்கேள்வி, "உன்ர மொப் ஆர்?" மொப் என்றால் காடையர் கூட்டம் என்று நினைத்து, "எனக்கு அப்பிடி ஆக்களோட பழக்கமில்லை அன்ரி" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். உன் சனம் யார், எந்த மண் என்பதுதான் கேள்வி. யாழ்ப்பாணம் என்றேன். "திரும்பிப் போகேலுமோ?" என்றார். இப்போதைக்கு இல்லை என்றேன். "அப்ப இரு" என்றார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

ஜேட் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் அந்த இடத்தைச் சொல்லமுடியாது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. நிர்வாகக் கூட்டத்தில் எழும்பி, "எங்களைப் பற்றித்தானே எப்பவும் கதைக்கிறீங்கள், எங்களிட்ட ஒரு தரமாவது கேட்டீங்களோ?" என்றாள். பெரியவர்கள் முறைத்தார்கள். அன்ரி மே மட்டும், "கேக்கிறம், சொல்லு" என்றார். எல்லோரும் போதைத் தடுப்பு, இசைப் பட்டறை என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தோம். அவள் சொன்னது: "எங்களுக்கு லைசென்ஸ் வேணும்."

விஷயம் இதுதான். இங்கே இளம் ஆட்கள் கார் லைசென்ஸ் எடுக்க, முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, நூறு மணித்தியாலத்துக்கு மேல் ஓடிக் காட்டவேண்டும். வீட்டில் காரும் இல்லை, லைசென்ஸ் உள்ள ஆளும் இல்லையென்றால் எப்படி ஓடுவது? கூரை வேலை, பெயின்ட் வேலை எதற்குப் போனாலும் லைசென்ஸ் கேட்பார்கள். எனவே பெடியள் லைசென்ஸ் இல்லாமலே ஓடுவார்கள், பிடிபடுவார்கள், அபராதம், பிறகு நீதிமன்றம், பிறகு சிறை. யாரையும் அடிக்காமல், எதையும் திருடாமல் உள்ளே போன பிள்ளைகள் அந்தத் தெருக்களில் நிறையப் பேர்.

அப்படித்தான் நிலையத்துக்கு ஒரு பழைய நீலக் கார் வந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் பழகுநருக்கான மஞ்சள் எல் அட்டை. பக்கத்தில் இருக்க ஆள் தேடியபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முழு லைசென்ஸ் எனக்குக் கிடைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காரை ரிவேர்ஸில் விட என்னால் இன்றைக்கும் ஒழுங்காக முடியாது. என் வேலை பக்கத்தில் இருந்து, கால் விரல்களால் இல்லாத பிரேக்கை அழுத்துவதுதான்.

அதிகம் ஓடியவன் ஜேடின் தம்பி. அவன் பெயரை நான் எழுதமாட்டேன். இறந்தவரின் பெயரைச் சொல்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆம், அவன் இப்போது இல்லை. முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்குத் தைரியம் போதாது. ஒல்லியான பெடியன், ஆஸ்துமாக்காரன், சட்டைப்பையில் எப்போதும் நீல இன்ஹேலர். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் தாளம் போடுவான். தாய்க்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். "லைசென்ஸ் எடுத்தா அம்மாவை நானே கொண்டு போவன், அன்ரி" என்பான். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அன்ரி என்று கூப்பிடாதே என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவனும் ஜேடும் நானும் ஹோம்புஷ் வரை ஓடினோம். தோசை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். அங்கே இரண்டு காருக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. "நேர போ, வேற இடம் பாப்பம்" என்றேன். அவன் ஒரே வளைவில் பின்னுக்கு எடுத்து உள்ளே செருகிவிட்டான். பின்சீற்றில் ஜேட் கை தட்டினாள்.

சாப்பாட்டுக் கடையில் பாதி மேசைகள் காலி. கல்லாவில் இருந்தவர் அவர்கள் இருவரையும் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, தமிழில், "பார்சல் வாங்கிக்கோங்கம்மா. ஃபேமிலி எல்லாம் வர்ற நேரம்" என்றார். ஜேடுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலின் அர்த்தத்தைப் பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தவள். "கார்ல இருந்து சாப்பிடுவம் சிஸ்" என்று, பார்சல் வந்ததும் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். ஆறுதல் சொன்னது அவள், எனக்கு. காருக்குள் சாம்பார் சிந்தி, தம்பி ஸ்டியரிங்கெல்லாம் சட்னியாக்கினான். அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அடுத்த வருஷம் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த அரசாங்க உதவிப்பணம் நின்றது. சேவைகளை "ஒருங்கிணைத்து" வெளியில் உள்ள ஒரு பெரிய அமைப்பிடம் கொடுத்தார்கள். கழுத்துப் பட்டியில் அடையாள அட்டை மாட்டி நல்ல மனிதர்கள் வந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று தெரியாதவர்கள், அவ்வளவுதான். காலைப் பாண் நின்றது. ஆஸ்பத்திரி பஸ் நின்றது. நீலக் காருக்கு இன்சூரன்ஸ் பிரச்சினை என்று சாவியை வாங்கிவைத்தார்கள். தம்பிக்கு இன்னும் சில வாரம் ஓடினால் போதும் என்ற நிலை. ஜேட் அவர்களிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டாள். "பரிசீலனையில இருக்காம்" என்று வந்து சொல்வாள். எனக்கும் வேலை போய், பரமட்டாவில் இந்த வேலை கிடைத்தது.

மழை நாள் ஒன்றில் டாக்ஸி வரவில்லை. தாய்க்கு மூச்சு வாங்கியிருக்கிறது. தம்பி மாமனின் காரை எடுத்து அவளை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். திரும்பி வரும்போது பொலிஸ் மறித்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓடி முன்பும் இரண்டு தரம் பிடிபட்டவன். பிணை கிடைக்கவில்லை. நகரத்துக்கு வெளியே ஒரு சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கிழமை முடியுமுன் ஜேட் எனக்குப் போன் எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. நான் "சொல்லு, சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தேன். பிறகு யாரோ போனை வாங்கிச் சொன்னார்கள்.

மூச்சு முட்டியதும், சிறை அறையில் உள்ள அவசரப் பொத்தானை அவன் அழுத்தியிருக்கிறான். ஆட்கள் வரும்போது காலம் கடந்துவிட்டது. இன்ஹேலர் அவனுடைய மற்றச் சாமான்களோடு வேறோர் அறையில், பிளாஸ்டிக் பையில் இருந்தது. இதெல்லாம் பிறகு மரண விசாரணையில் தெரிந்தவை.

விசாரணையின் கடைசியில் குடும்பத்தார் பேசலாம் என்றார்கள். தாய் எழும்பவில்லை. அன்ரி மே அவளைத் தோளோடு அணைத்தபடி இருந்தார். ஜேட் எழுந்தாள். வக்கீல்கள் கோபத்தை எதிர்பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "நீங்கள் எல்லாரும் அவன் எப்பிடிச் செத்தவன் எண்டு கதைச்சனீங்கள். அவன் நல்லாக் கார் ஓடுவான். ரிவேர்ஸ் பார்க்கிங் அவனைப் போல ஒருத்தரும் செய்யேலாது. அதையும் எழுதுங்கோ." நீதிபதி பேனாவை எடுத்து எழுதினார். நான் பார்த்தேன். அதனால் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். சில பரிந்துரைகள் வந்தன.

ஜேட் பிறகு தன் லைசென்ஸை எடுத்தாள். தாயைக் கூட்டிக்கொண்டு மேற்கே, ரயிலே போகாத ஒரு புறநகருக்குப் போனாள். வீடுகளை இடிக்கவென்று, அவர்களுடைய தெருவில் இருந்தவர்களை ஒவ்வொரு பக்கமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே சொந்தக் காரில் எல் அட்டை போட்டு, வேலை முடிந்து வந்து, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளோடு ஓடுகிறாள் என்று கேள்வி. சில மாதம் மெசேஜ் வரும், பிறகு வராது. அன்ரி மே போன குளிர்காலத்தில் தவறிவிட்டார். அந்தச் சாவீட்டில்தான் பழைய ஆட்களைக் கடைசியாக ஒன்றாகப் பார்த்தேன்.

இன்று பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் ரயிலில் ரெட்ஃபேர்னுக்குப் போனேன். நிலையம் இருந்த பக்கம் முழுக்கக் கண்ணாடி மாடிகள். கீழே விற்பனை அறை. நான் நின்று பார்ப்பதைக் கண்டு, கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் வெளியே வந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே தமிழ். மதுரைக்காரனாம்.

"வீடு பாக்க வந்தீங்களாக்கா? ரெண்டே யூனிட்தான் மிச்சம். சூப்பர் ஏரியா. முன்னாடி இங்க ஒண்ணுமே இல்லையாம்."

நல்ல பெடியன். அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? "நான் இஞ்சதான் வேலை செய்தனான்" என்றேன்.

"அப்படியா! எந்தப் பக்கம்க்கா?"

கையைத் தூக்கினேன். பழைய சந்து இல்லை, மூலையில் நின்ற மரம் இல்லை, ரோட்டையே நகர்த்தியிருந்தார்கள். அவன் என் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். எந்தப் பக்கம் காட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.