கார் பார்க்கில் ஒரு வீட்டு வாசல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலாக்கா நகரில் எங்கள் கோவில் ரத ஊர்வலம் நடந்த மாலை அது. பழைய மலாக்காவைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்துவிட்டு, கோலாலம்பூரிலிருந்து வரும் உறவினர்களை வெயிலில் நிறுத்தி, இங்கேதான் அந்தக் கட்டடம் இருந்தது என்று விளக்கும் ஆள் நான். இப்போதெல்லாம் அவர்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். தெருக்கள் தெரிந்தவன் என்று கோவிலில் மட்டும் நம்பி, ஊர்வலத்துக்கு வழி ஒழுங்குபடுத்த எனக்கு ஒரு மஞ்சள் சட்டையும் விசிலும் கொடுத்திருந்தார்கள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ரதம் கிளம்பவே தாமதம். கோவிலுக்குப் பின்னால் ஒரு சின்ன லோரோங், அதாவது சந்து, உண்டு. முன்பு அங்கே ஒரு வரிசை கடைவீடுகள் இருந்தன. இடித்துப் பல வருடமாகிறது. இப்போது கார் பார்க். வீடே இல்லாத சந்துக்குள் ரதம் எதற்கு, இந்த முறை விட்டுவிடலாம் என்றார் கோவில் தலைவர். எனக்கும் நியாயமாகவே பட்டது. அங்கே யாராவது காத்திருந்தால் பெரிய ரோட்டுக்கு வரச்சொல்லும்படி என்னை அனுப்பினார்.

போய்ப் பார்த்தால், கார்களுக்கு நடுவே, வெள்ளைக் கோடு போட்ட கட்டங்களில் குடும்பம் குடும்பமாக அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறார்கள். ஒரு கட்டத்தில் யாரோ காரை நிறுத்தியிருக்க, அதன் முன்னால் இடுக்கிக்கொண்டு ஒரு குடும்பம். தள்ளி நிற்க இடமிருந்தும் நகரவில்லை. என்னைவிட மூத்த ஓர் அக்காவிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். பெம்பான் ஊரிலிருந்து வந்தவர். வீடுகளை இடித்தபோது ரெம்பியா, நியாலாஸ் என்று ஆளுக்கொரு பக்கம் போனார்களாம். ரதத்தன்று மட்டும் திரும்பி வந்து, அவரவர் வாசல் இருந்த இடத்தில் நிற்பார்களாம். சலவைக்காரர் வீடு, பூக்கடை, பாட்டு வாத்தியார் வீடு என்று கை காட்டிக்கொண்டே போனார். இடித்த வரிசை அப்படியே நின்றிருந்தது. நான் பார்த்த வரைபடங்களில் அந்தச் சந்துக்குப் பெயர்கூடக் கிடையாது.

சொல்ல வந்ததைத் தயங்கித்தான் சொன்னேன். அக்காவின் முகம் வாடியது.

"பெரிய ரோட்டுல நின்னா நாங்க வேடிக்க பாக்க வந்தவங்க, தம்பி. இங்க நின்னாதான் சாமி எங்க வீட்டுக்கு வருது லா."

பிறகு என் காலடியைப் பார்த்தார். "நீங்க நிக்கிறது தையக்காரர் வீடு. அவங்க பக்கம் இப்ப யாரும் இல்ல. வருசா வருசம் நாங்கதான் தட்டு வைக்கிறோம். இந்தாங்க, புடிங்க."

வாங்கிக்கொண்டேன். ஒரு கையில் தட்டு, மறு கையில் போன். தலைவர், அங்கே ஏதுய்யா வீடு என்று எரிந்து விழுந்தார்.

"வாசலுக்கு வாசல் ஆள் நிக்குதுண்ணே. ஒரு வாசல்ல நானே நிக்கிறேன்."

சரி, ரதத்தைத் திருப்பச் சொல்கிறேன் என்றார் தலைவர். மழை வந்தால் பொறுப்பு என் தலையில்தான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ரதம் சந்துக்குள் திரும்பியது. கூடவே மழையும் வந்தது. ஒருவரும் வாசலை விட்டு அசையவில்லை. குடைக்கடியில் வந்த குருக்கள் என் தட்டை வாங்கி, யார் பெயருக்கு என்றார். இத்தனை வாசித்த எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வாசலிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "தையக்காரர் வீடு, சாமி."

இன்றும் அந்தக் கார் பார்க்குக்குப் போகிறேன். எவ்வளவு நெரிசலானாலும் நான் தட்டோடு நின்ற அந்த ஒரு கட்டத்தில் மட்டும் நிறுத்துவதில்லை, ஒருவர் வீட்டு வாசலை மறித்துக் காரை விட மனம் வருவதில்லை.